முழு வேகம்

"நான் புதுசாக்கித் தந்த எஞ்சினைச் சாகடிச்சுப் போட்டீங்களே!"

குச்சவெளி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த மெக்கானிக், பக்கத்தில் இருந்த மீனவரிடம் சொன்னார்.

"டூ ஸ்ட்ரோக் போட் எஞ்சின். பிஸ்டன் புதுசு. அது பழகும்வரைக்கும் பெட்ரோலில ஒயிலைக் கூடுதலாக் கலந்து, கொஞ்ச நாள் மெதுவா ஓடுங்கோ எண்டுதானே சொன்னனான்?"

"ஓம் அண்ணை. கடலில ஒரு போட் கவிண்டு கிடந்தது. அண்ணனும் தம்பியும் அதைப் பிடிச்சுக்கொண்டு தத்தளிச்சவை. முழு வேகத்தில விட்டன்."

மெக்கானிக்கின் குரல் தணிந்தது.

"ரெண்டு பேரையும் காப்பாத்திட்டீங்களா?"

"தம்பியைத் தூக்கி ஏத்திட்டன். தமையன் அதுக்குள்ள கையை விட்டிட்டார். அவரைத் தேடிச் சுத்தேக்கதான் எஞ்சின் இறுகி நிண்டது."

"நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்தீங்கள்."

"இல்லை அண்ணை. கண்ட உடன வேகத்தை முழுசாத் திருகேல்லை. நீங்கள் சொன்னது நினைவு வந்து, முதல்ல மெதுவாத்தான் போனனான். இப்ப அந்தத் தமையன்ர செத்தவீட்டுக்குத்தான் போறன்."

பஸ் நிலாவெளியில் நின்றது. இறங்குவதற்காக எழுந்த மெக்கானிக் மீண்டும் உட்கார்ந்தார்.

"எஞ்சின் கிடக்கட்டும். அந்தத் தமையன்ர வீட்டுக்கு நானும் உங்களோட வாறன்."