பாடமாகிப்போன வழக்கு

“எக்கா, நான் தோத்த கேசு பாடமாயிட்டு.”

தூத்துக்குடி பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண் அரசு வழக்கறிஞர்கள். இளையவர் திருநெல்வேலியில் பயிற்சி வகுப்பு முடித்துத் திரும்புகிறார்.

“எந்தக் கேசு?” என்றார் மூத்தவர்.

“பொதுப் படகுத்துறைய ஒருத்தர் வளைச்சுப் போட்டாருல்லா, அது. அரசு வக்கீல் எப்படி வாதாடக் கூடாதுன்னு அதத்தான் சொல்லிக்குடுத்தாவ. எம் பேரு சொல்லல. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன்.”

“தப்பு எங்கன்னு தெரிஞ்சுதா?”

“நல்லாத் தெரிஞ்சுது. அப்பீல் போட்டா ஜெயிச்சிரலாம்.”

“அப்பம்னா அப்பீலப் போடு.”

“கடைசி நாள் நேத்தோட முடிஞ்சுட்டு. நான் வகுப்புல இருந்தேன்.”

“தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனுப் போடு ஏளா.”

“என்ன காரணம்க்கா எழுத? கேசு ஜெயிக்கப் படிச்சிக்கிட்டு இருந்தேன்னா?”