வரிசையில் நிற்கும் வீட்டுக்காரர்

சென்னையில் என் மகனுக்கு வேலை போய்விட்டது, வாடகை கட்ட முடியவில்லை என்று காலையில் போன் வந்தது. அதிலிருந்து வாடகை என்ற சொல் எங்கே கேட்டாலும் காது அங்கே போய்விடுகிறது. மில்லர்புரம் போகும் மினிபஸ்ஸில் முன்சீட்டுப் பெண், பக்கத்தில் இருந்த அக்காளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“வாடகை கேட்டு வந்த வீட்டுக்கார அண்ணாச்சியவே எனக்குப் பதிலா வரிசையில நிக்க வச்சிட்டு வாரேன், யக்கா.”

“எந்த வரிசையில?”

“உப்பளத்துல வேலை செய்யுதவங்களுக்கு மழைக்கால நிவாரணம் குடுக்காவல்லா. பேரு பதிய இன்னைக்குத்தான் கடைசி. அது வந்தாத்தான் வாடகை, இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணணும். நான் நல வாரிய அட்டைய வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டேன். ‘நீ போய் எடுத்துட்டு வா, நான் நிக்கேன்’னுட்டாரு.”

“மழை தூறுதே, ஏளா!”

“என் குடையத்தான் பிடிச்சிட்டு நிக்காரு. பூப்போட்ட குடை.”

அவள் போன் அடித்தது, எடுத்துக் கேட்டாள். “சித்தப்பான்னு சொல்லிருங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்து வைத்தாள்.

“என்னளா?”

“பின்னால நிக்கவங்க, ‘நீ யாரு அவளுக்கு?’ன்னு சண்டைக்கு வாராவளாம். சொல்லிட்டாரு, சித்தப்பான்னு. பெத்த மக மாதிரின்னு வேற சேத்துக்கிட்டாரு.”

அக்கா சிரித்தாள். “வரிசை பூரா கேட்டுருக்கும். இனி மககிட்ட எப்படி வாடகை கேப்பாரு?”

“கேட்டுட்டாருக்கா. ‘மகளே, வாடகைய மறந்துராத’ன்னுதான் போனை வச்சாரு.”