பதினொரு நிமிடம் காக்கவைத்த மார்லிஸ் என்க்விஸ்ட் அம்மையாருக்கு

குற்றம் காண்பதில் குன்றாத குணக்குன்றே! பிழை பொறாப் பெருந்தகையே! இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் பொறுமையைச் சோதித்து, அந்தச் சோதனையிலும் எங்களைத் தேறவிடாத மார்லிஸ் என்க்விஸ்ட் அம்மையே! நீங்கள் பணிநிறைவு பெறும் இந்நாளில், டுலூத் அலுவலகத்தார் பதினால்வரும் வயிறு நிறைய நம்மூர் விருந்துச் சாப்பாடான ஹாட்டிஷும் மனம் நிறைய எரிச்சலுமாக வாசித்தளிக்கும் மடல் இது.

நாடக அரங்குகளின் ஒலியை ஆளும் மென்பொருள் நம்முடையது. எதிரொலி வேண்டும், இரைச்சல் நீங்க வேண்டும் என்போருக்காக ஊர் ஊராய் யார் யாரோ எழுதி அனுப்பும் துணை நிரல்களே பிளக்-இன்கள். அவற்றில் ஒன்று கெட்டாலும் காட்சி நடுவே அரங்கம் ஊமையாகும். நீங்கள் வந்த ஆண்டில் அப்படி ஓர் அரங்கம் ஊமையானது. மறுவாரமே, வருகிற பிளக்-இன் ஒவ்வொன்றையும் பிடித்து உலுக்கிப் பார்க்கும் சோதனை நிரல், ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக் கொடுத்தீர்கள். பொத்தான் இல்லை, படம் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை, பதினொரு நிமிடக் காத்திருப்பு, அதன்பின் தேறியது அல்லது தேறவில்லை என்று ஒரு சொல்.

தேறவில்லை என்றால் ஒரே ஒரு காரணத்தைச் சொல்லும். அதைத் திருத்தி மீண்டும் ஓட்டினால், பதினொரு நிமிடம் கழித்து அடுத்த காரணம். நம் டெல்மர் ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டு கேட்டார், "மொத்தத்தையும் ஒரே மூச்சுல சொல்லித் தொலைச்சா என்ன, மார்லிஸ்?" நீங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "நாப்பது சொன்னா, லேசான முப்பத்தொம்பதைத் திருத்திட்டு மிச்ச ஒண்ணுக்கு எங்கிட்ட வந்து பல்லைக் காட்டுவே, டெல்மர்." அது உண்மை என்பதுதான் எங்களுக்கு இன்றுவரை ஆறவில்லை.

இதையும் பொறுத்தோம். பொறுக்க முடியாதது வேறு. தனக்கே விளங்காத கோளாறு வந்தால் உங்கள் ஸ்கிரிப்ட், "எனக்குப் புரியவில்லை, மார்லிஸைக் கூப்பிடுங்கள்" என்று எழுதி, பக்கத்தில் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணையும் போடும். நாட்டில் பிளக்-இன் எழுதும் அத்தனை பேரும் கூப்பிட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், நாங்களும் கூப்பிட்டோம். நீங்கள் வான்கோழி விருந்தில் இருந்தபோதும், உறைந்த ஏரிமேல் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தபோதும் கூப்பிட்டோம். ஒருமுறையாவது எடுக்காமல் இருந்தீர்களா? இல்லை. அதற்காகவும் உங்கள்மேல் கோபம்.

சென்ற மாதம் உங்களுக்குத் தெரியாமல் உங்கள் கணவர் ஆர்வின் இங்கே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.

"அவளுக்குக் கடிகாரம், கேடயம்னு எதுவும் வேணாம்ப்பா. அந்த நம்பரை மட்டும் எடுத்துருங்க. இருபத்திரண்டு வருசமா அவ ஒரு வேளைகூட எங்கூட உக்காந்து முழுசா சாப்பிட்டதில்ல. போன் அடிச்சா எடுக்காம இருக்க அவளால முடியாது."

அன்று எங்களில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

உங்கள் எண் இருந்த வரியை நீக்கினோம். உடனே ஒரு புரியாத கோளாறு வந்தது, உங்கள் ஸ்கிரிப்ட் தடுக்க ஆளின்றி "தேறியது" என்று சொல்லிவிட்டது. எங்கள் சோதனை அரங்கின் ஒலிபெருக்கிகள் எல்லாம் ஊமையாயின. நிறுத்தும் கட்டளையையும் அதே வரியிலா வைப்பீர்கள், அம்மையே? அந்தக் கட்டளையை மட்டும் திரும்ப வைத்தோம். ஆனாலும் மாலைக் காட்சியை வைத்துக்கொண்டு விழிப்பவர் யாரையாவது கூப்பிட வேண்டுமே. யாருடைய எண்ணைப் போடுவது என்று கேட்டதும் பதினான்கு பேரும் கூரையைப் பார்த்தோம். "எனக்கு மூணு பசங்க இருக்காங்கப்பா," என்றார் டெல்மர்.

உங்களோடு இங்கே அதிகம் சண்டை போட்டவரும், இப்போது இம்மடலை வாசிப்பவருமான வெர்ன் ஹாகன் கடைசியில் தம் எண்ணைப் போட்டார். பெருந்தன்மையால் அல்ல, அந்த அமைதியைத் தாங்க முடியாமல்.

நோயின்றி, நொடியின்றி, எங்கள் தொல்லையும் இன்றி, ஆர்வினோடு நெடுநாள் நீங்கள் வாழ வேண்டும். உங்கள் கைபேசி ஏரியில் விழுந்தால் எடுக்காதீர்கள்.

இந்த வாரம் திங்கட்கிழமை நண்பகலில் வெர்னின் எண்ணுக்கு முதல் அழைப்பு வந்தது. ஆரெகன் மாநிலத்திலிருந்து பிளக்-இன் எழுதும் ஒரு பெண், பதறிப்போய்ப் பேசினார். "மார்லிஸ் இல்லையா?"

"இருக்காங்க," என்றார் வெர்ன். "சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. என்ன ஆச்சுன்னு எங்கிட்ட சொல்லுங்க."

இங்ஙனம்,
ஒருநாளும் முதல் முறையிலேயே தேறாத
டுலூத் அலுவலகத்தார் பதினால்வர்