மூன்றாவது ஆணி

தங்கை: ஸ்டூலை ஒழுங்கா பிடிக்கா... ஆடுது!

அக்கா: ஆடுறது நீ. காலைலேருந்து நூலகத்துல புத்தகம் தூக்கின கை இது. இங்க வந்து உனக்கும் எடுபிடி.

தங்கை: சரி, சாஞ்சிருக்கா பாரு.

அக்கா: படமா, நீயா?

தங்கை: அக்கா...

அக்கா: நேராத்தான் இருக்கு. இறங்கு. மழையில நனையிற சைக்கிள் அங்க, காலி நாற்காலி இங்க... சொந்த வீடு வந்ததும் பெரிய ஓவிய ரசிகை ஆயிட்ட.

தங்கை: ரெண்டு படத்துக்கே உனக்கு இப்படி வயிறு எரியுதே!

அக்கா: எனக்கென்ன எரியப்போகுது? என் வாடகை வீட்டுல ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் விடமாட்டார். நான் எங்க படம் மாட்ட?

தங்கை: காலண்டர் மாட்டியிருக்கியே.

அக்கா: அது அவரே அடிச்ச ஆணி. ஆமா... இங்க மூணாவதா ஒண்ணு துருத்திக்கிட்டு நிக்குதே, எதுக்கு?

தங்கை: அதுவா... ஜன்னலோரம் திரும்பி நின்னு ஒருத்தி தலை துவட்டுவாளே, அந்தப் படத்துக்கு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும்தானே கண்காட்சிக்குப் போனோம்?

அக்கா: ஓ... அதுவா. அப்படி ஒண்ணும் பிரமாதமில்ல.

தங்கை: இல்லையா?

அக்கா: சுமார்தான். ஏன், வாங்கலையா?

தங்கை: நாளைக்கு வந்து சொல்றேன்னு கண்காட்சி நடத்துற அம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன். மறுநாள் போனா, படத்துக்குக் கீழ சிவப்பு வட்டம் ஒட்டியிருக்கு. வித்துப்போச்சுன்னா அப்படித்தான் ஒட்டுவாங்களாம்.

அக்கா: அடடா... போனா போகட்டும் விடு. வேற பார்த்துக்கலாம்.

தங்கை: நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அந்தம்மாவே முழிச்சாங்க. யாருக்கும் விக்கலையாம்.

அக்கா: வேலைக்கு இருக்கிற பொண்ணு யாராவது தெரியாம ஒட்டி...

தங்கை: உரிச்சு என் கையிலேயே குடுத்துட்டாங்க. இந்தா. அவங்க ஒட்டுறது மிளகு மாதிரி சின்னது. இது சட்டைப் பொத்தான் அளவு இருக்கு.

அக்கா: அளவெல்லாமா பார்த்த?

தங்கை: உங்க நூலகத்துல, வெளிய இரவல் குடுக்கக்கூடாத புத்தகத்து முதுகுல ஒட்டுவியே... அது இல்ல?

அக்கா: சிவப்பா, வட்டமா எதைப் பார்த்தாலும் எங்க நூலகம்தானா?

தங்கை: உன் கைப்பையில எப்பவும் அந்த வட்டம் ஒட்டின அட்டை ஒண்ணு கிடக்குமே. எடு, பார்ப்போம்.

அக்கா: என் பையை நீ எதுக்குடி...

தங்கை: அக்கா.

அக்கா: ஆமாடி! நான்தான் ஒட்டினேன். நீ வண்டி எடுக்கப் போன நேரத்துல ஒட்டினேன். போதுமா?

தங்கை: சுமார்னு சொன்ன?

அக்கா: சுமாரா? அவ கழுத்துல ஒரு சொட்டுத் தண்ணி நிக்கும் பாரு... வீட்டுக்குப் போயும் தூக்கம் வரல. எனக்குக் கிடைக்காதுன்னு தெரியும். உனக்கும் கிடைக்கக்கூடாதுன்னு தோணிடுச்சு.

தங்கை: அவ்வளவு பொறாமையா?

அக்கா: பின்ன? சின்ன வயசுலேருந்து ஒரு கோடு நேரா போடத் தெரியாது உனக்கு. இப்ப பாரு, நான் எதை மனசுக்குள்ள ஆசைப்படுறேனோ சரியா அதையே வாங்கிடுற. சைக்கிளும் அப்படித்தான், நாற்காலியும் அப்படித்தான். வீடுதான் உனக்கு வந்துச்சு, சரி. இந்தக் கண்ணும் உனக்கேவா வரணும்?

தங்கை: சொல்லி முடிச்சிட்டியா?

அக்கா: என்ன பார்க்கிற? திட்டணும்னா திட்டு.

தங்கை: படம் உள் அறையில இருக்கு. போர்வை சுத்தி வெச்சிருக்கேன்.

அக்கா: வாங்கிட்டியா! அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் என்னைப் போட்டு வறுத்தெடுத்த?

தங்கை: அது நல்ல படம்னு உன் வாயால கேட்கணும்.

அக்கா: கேட்டாச்சுல்ல? கொண்டு வந்து மாட்டு. கண்ணு இருக்கிறவ நீ. உனக்கு எதுக்கு என் வாய்?

தங்கை: எனக்கா கண்ணு இருக்கு? அந்தச் சைக்கிள்ல என்ன இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுக்கா. ஒவ்வொரு தடவையும் உன்னை எதுக்கு இழுத்துட்டுப் போறேன்னு நினைச்ச? எந்தப் படத்துக்கு முன்னாடி நீ பேச்சை நிறுத்துறியோ, அதை வாங்கிட்டு வந்து தனியா உட்கார்ந்து பார்ப்பேன்... உனக்குத் தெரிஞ்சது எனக்கு ஏன் தெரியலன்னு வயிறெரிஞ்சுக்கிட்டே.