டோசருக்கு என்ன வியாதி

மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால்தான் எனக்கு அன்றைய பொழுது பொழுதாக இருக்கும். இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், டாக்டர், எல்லாம் அந்தத் தூக்கத்தில்தான் ஆரம்பித்தது. அவரை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "மறதி எப்போ ஸ்டார்ட் ஆச்சு மாமி? நல்லா யோசிச்சு கரெக்டா சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். இங்கே வங்காளத்தில், பவானிபூரில் பிறந்து வளர்ந்த பெண் நீங்கள் இவ்வளவு தமிழ் பேசுவதே பெரிய விஷயம். அதற்காகவாவது கரெக்டாகச் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் சேஷாத்ரி, மண் வாரும் வண்டிகளைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். சுரங்கமோ அணைக்கட்டோ, எங்கே டீசல் என்ஜின் மக்கர் பண்ணினாலும் இவருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "மூணாவது நாசில் ஒழுகறது" என்பார். கழற்றிப் பார்த்தால், டீசலைப் பீச்சுகிற அந்த மூன்றாவது நாசில்தான் ஒழுகிக்கொண்டிருக்கும்.

ரிட்டயர் ஆனதும் அந்தக் காது எங்கள் பாலிகஞ்ச் ஃப்ளாட்டுக்குக் குடிவந்துவிட்டது. மிக்ஸியில் புஷ் தேய்ந்துவிட்டது என்பார். குக்கர் விசில் கம்மலாக இருக்கிறது என்பார். மத்தியானம் நான் கொஞ்சம் தலையைச் சாய்த்தால் தோளைத் தட்டி எழுப்புவார். "வத்சு, நீ தூங்கறச்சே மூச்சு முடியற எடத்துல சின்னதா ஒரு விசில் வரது. கவனிச்சிருக்கியோ?" தூங்குகிறவள் எப்படிக் கவனிப்பாள்? எனக்குக் கோபமெல்லாம் கிடையாது. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தெய்வம் மாதிரி சாமந்த பாபு போன் செய்தார். ஹவுராவில் பட்டறை வைத்திருக்கிற வங்காளி, இவருக்குப் பழைய சிநேகிதர். டயருக்குப் பதிலாக இரும்புச் சங்கிலியில் ஊர்ந்து போகிற அந்தக் காலத்து டிராக்டர் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். டோசர் என்று சொல்வார்கள். கிளப்பினால் கரும்புகை தள்ளுகிறது, இழுவை இல்லை, சேஷாத்ரி தாதாதான் வந்து பார்க்க வேண்டும் என்று அண்ணா முறை வைத்துக் கெஞ்சினார். இவர் காலையில் சாப்பிட்டுவிட்டு ஹவுரா பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலம்தான் திரும்புவார். வீடு அமைதியாக இருந்தது. மிக்ஸி தன் இஷ்டத்துக்குக் கத்தியது. நான் விசில் அடித்துக்கொண்டு தூங்கினேன்.

ஆனால் வேலையில் கெட்டிக்காரர் ஆயிற்றே. சீக்கிரமே ஒரு நாள் கையில் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்து நின்றார். "நாசில் எல்லாத்தையும் சரி பண்ணியாச்சு. ஞாயித்துக்கிழமை கிளப்பறோம், நீயும் வா. அதோட இந்த ஹவுரா அலைச்சல் முடிஞ்சுது வத்சு. இனிமே மத்தியானமெல்லாம் உன்னோடதான்" என்றார். ஆசையாகத்தான் சொன்னார். போயிற்று என் மத்தியானத் தூக்கம்.

ஞாயிற்றுக்கிழமை தயிர்சாதமும், கை துடைக்க அவருடைய பழைய பனியன்கள் ஒரு பையும் எடுத்துக்கொண்டு போனேன். டோசரின் சீட்டில் என்னை ஏற்றி உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார். சீட்டுக்குப் பின்னாலேயே டீசல் டாங்க். அப்போதுதான் டீசல் ஊற்றியிருந்ததால் மூடி திறந்திருந்தது, வாயில் இருக்கும் சல்லடையைக் கழுவக் கழற்றியிருந்தார்கள். அவரும் சாமந்த பாபுவும் டீ வாங்கப் போனார்கள். பையின் மேலாக இருந்த பனியனை எடுத்து உள்ளே போட்டேன். திட்டம் என்று ஒன்றும் கிடையாது. கை ஒரு காரியம் செய்தது, மனசு ஆட்சேபிக்கவில்லை.

இதற்கு என்ஜினியரிங் படிக்க வேண்டுமா என்ன? கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டோடு சேர்த்து டீசல் என்ஜினையும் பரிமாறினால் நமக்கும் கொஞ்சம் ஜீரணமாகும். டாங்குக்கு வாய் பெரிது, அடியில் டீசல் போகிற துவாரம் விரல் கனம்தான். பாத்திரம் தேய்க்கிற தொட்டியில் கரித்துணி என்ன செய்யும்? தண்ணீர் இழுக்கும்போது துவாரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இழுப்பு நின்றால் தானே விலகிவிடும்.

டோசர் ஜம்மென்று கிளம்பியது. பட்டறையில் எல்லாரும் கை தட்டினார்கள். கொஞ்ச தூரம் ஊர்ந்ததும் இருமியது, நின்றது. டீ குடித்துவிட்டுக் கிளப்பினால் மறுபடி கிளம்பியது, மறுபடி நின்றது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. குழந்தைக்குப் புதுப் பொம்மை கிடைத்த மாதிரி இருந்தார்.

டீசல் வரும் வழியில் காற்றுப் புகுந்திருக்கிறது என்று சொல்லிப் பம்ப் அடித்துக் காற்றை எடுத்தார். ஃபில்டர் மாற்றினார். டாங்கின் அடிக்குழாயைக் கழற்றிப் பார்த்தார், டீசல் தாராளமாக வந்தது. இழுப்பு இல்லாதபோது வரத்தானே செய்யும்? ஆகவே டாங்கில் கோளாறு இல்லை என்று முடிவு கட்டிவிட்டு டீசல் பம்பைப் பிரித்தார், வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரைப் பிரித்தார். பிரிக்க முடிந்ததையெல்லாம் பிரித்தார். துர்கா பூஜை வந்து போயிற்று. நான் ஒரு சுற்றுப் பெருத்தேன், அவர் ஒரு சுற்று இளைத்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும்னு சாமந்தா வங்காளத்துல ஏதோ சொல்லி ஆறுதல் பண்றான். என்னைப் பாத்தா பாவமா இருக்காம்" என்று ஒரு நாள் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். அப்புறம், "என் காது போயிடுத்து வத்சு" என்றார். காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். இந்த வயசுக்கு இப்படி ஒரு காதா என்று அந்த டாக்டர் ஆச்சரியப்பட்டார். இவர் நம்பவில்லை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. பாவப்பட்டுக்கொண்டே தூங்கினேன்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஒரு நாள் காலையில் காபி டம்ளரை வாங்கியவர் குடிக்காமல் நின்றார். கண் இரண்டும் பளபளத்தது. "வத்சு, டாங்குக்குள்ள துணி கிடக்கு. இழுக்கறச்சே போய் அடைச்சுக்கறது, நின்னா விலகிடறது. வேற எதுவுமே இருக்க முடியாது" என்றார். யாரும் சொல்லாமல், வண்டியைப் பார்க்காமல், சமையலறை வாசலில் நின்றபடி கண்டுபிடித்துவிட்டார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

நான் சொன்னேன்: "ஏன்னா, போன மாசமே டாங்கைக் காலி பண்ணிப் பாத்தேளே. ஒண்ணுமே இல்லேன்னு நீங்கதானே வந்து சொன்னேள்."

"நானா?"

"ஞாபகம் இல்லையா உங்களுக்கு?"

டம்ளரை மேஜை மேல் வைத்துவிட்டார். போன மாதம் என்ன, என்றைக்குமே அவர் டாங்கைக் காலி செய்து பார்த்ததில்லை. சாமந்த பாபுவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் என் குட்டு உடைந்துபோயிருக்கும். போடமாட்டார் என்று எனக்குத் தெரியும். மறந்துவிட்டது என்று பட்டறையில் தெரிந்துவிடுமே. அந்தக் காலைதான், டாக்டர். நடக்காத ஒன்றைத்தான் அவர் முதன்முதலில் மறந்தார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மீதியை அவரே பார்த்துக்கொண்டார். மாத்திரை போட்டேனா, கதவைப் பூட்டினேனா என்று எல்லாவற்றையும் என்னைக் கேட்டுத்தான் நிச்சயப்படுத்திக்கொள்வார். நானும் முக்கால்வாசி உண்மையே சொல்வேன். ஹவுரா போவதை நிறுத்திவிட்டார். பால்கனியில் உட்கார்ந்திருப்பார். ஃபிரிட்ஜ் கடகடவென்று ஆடினாலும் திரும்பமாட்டார். "அது சத்தமா, என் பிரமையான்னு தெரியல" என்பார். வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரி, ஒரு தொந்தரவும் இல்லை.

போன வாரம் டோசரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். வெட்டுவதற்கு முன் டாங்கைக் கவிழ்த்திருக்கிறார்கள். சாமந்த பாபு பனியனைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "தாதா, இந்த டாங்கை நாம் ஒரு தடவைகூடக் காலி செய்து பார்க்கவில்லையே" என்று வங்காளத்தில் புலம்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தது ஒரு பனியன்தான், அதுவும் வெளியே வந்துவிட்டது. கறுத்துப்போயிருந்தாலும் கக்கத்தில் நான் போட்ட தையல் தெரிந்தது. அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். சரி, வந்தது வரட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

சாமந்த பாபுவை வாசல் வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான்தான் கையைத் துடைச்சு உள்ளே போட்டிருக்கேன் வத்சு. அது ஞாபகமே இல்லை. டாங்கைப் பாக்காமலே பாத்துட்டேன்னு உன்கிட்ட வந்து சொல்லியிருக்கேன். நீ சொன்னப்போகூட எனக்கு உறைக்கலை. புத்தி பேதலிச்சுப் போச்சு. என்னைத் தலை டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போ" என்றார். அதனால்தான் வந்திருக்கிறோம்.

இதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டாம், மனசு உடைந்துவிடும். நீங்கள் மாத்திரை எழுதிக் கொடுத்தால் வேளை தவறாமல் கொடுப்பது என் பொறுப்பு. அன்றைக்குக் கையை விடவே இல்லை அவர். "உன்னையும் இத்தனை நாள் படுத்திட்டேன், மன்னிச்சுடு" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வயசான மனிதர் அப்படி அழுதால் யாருக்குத்தான் மனசு இளகாது? எனக்கு அவர் மேல் துளி வருத்தம் கிடையாது, டாக்டர். அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன்.