இதெல்லாம் எங்களோடது இல்ல

– அம்மா, அந்தச் சாவி ராவுற மெஷினைக் கொஞ்சம் நிறுத்து. கத்திக் கத்தி என் தொண்டை போச்சு.

– நிறுத்திட்டேன். சொல்லு. நம்ம கடை வெப்சைட்டு மேல யாரு கண்ணு வெச்சதுன்னு கண்டுபிடிச்சியா?

– கண்ணு இல்லம்மா, லிங்க். சூதாட்ட சைட்டு, வழுக்கைத் தலைக்கு எண்ணெய் விக்கிற சைட்டு, ராத்திரியோட ராத்திரியா தொப்பை கரையும்னு சொல்ற சைட்டு. எல்லாத்துலயும் நம்ம சாவிக்கடை லிங்க் கெடக்குது.

– நல்லதுதானே? நாலு பேருக்குத் தெரியுது.

– அந்த நாலு பேரு யாருன்னு பாக்க வேண்டாமா? கேடுகெட்ட சைட்டெல்லாம் நம்மளைக் கை காட்டினா, நெட்டுல தேடித் தர்ற கம்பெனிக்காரன் நம்மளையும் அந்தக் கூட்டம்னு நினைச்சுக் கீழ தள்ளிடுவான்.

– கெட்டவன் ஒருத்தன் என்னை நல்லவன்னு சொன்னா நான் கெட்டவளா? இது உங்க அத்தை நியாயமால்ல இருக்கு.

– அத்தை நியாயமோ ஆத்தா நியாயமோ. 'சாவி தொலைஞ்சுபோச்சு'ன்னு தேடினா முன்னாடி நாமதான் முதல்ல வருவோம். இப்போ ஆறாவது பக்கம். ஆறாவது பக்கம் வரைக்கும் தேடுறவன் அதுக்குள்ள பூட்டையே உடைச்சிருப்பான்.

– அதான் போனே வரலையா?

– வாரம் பூரா ஒரே ஒரு போன். அதுவும் பல் டாக்டர் இருக்காரான்னு.

– ரோட்டு மேல கடை இருந்தப்போ நடந்து போறவனாவது எட்டிப் பார்ப்பான். இந்தச் சந்துக்குள்ள பூனைதான் வருது.

– குத்திக் காட்டு. 'ரோட்டுக் கடைய விடும்மா, இனிமே எல்லாரும் போன்லதான் தேடுவாங்க'ன்னு சொன்ன மேதாவி நான்தான். நம்ம குடும்பத்துலயே முதல்ல டிகிரி வாங்கினவ. வாங்கின கையோட குடும்பத்தை ஆறாவது பக்கத்துக்கு அனுப்பிட்டேன்.

– விடுடி. இந்த மாசமும் இப்படியே போச்சுன்னா கடைய மூடிட்டு உன் பெரியம்மாகூட பேக்டரி வேலைக்குப் போயிடுறேன்.

– ஒண்ணும் போக வேண்டாம். நேத்தே சரி பண்ணிட்டேன். 'இதெல்லாம் எங்களோடது இல்ல, கணக்குல சேர்க்காதீங்க'ன்னு ஒவ்வொரு சைட்டு பேரா எழுதி அந்தத் தேடித் தர்ற கம்பெனிக்கு அனுப்பியாச்சு. அதோட நிக்கல. பஸ் ஸ்டாண்டு சாவிக்கடைக்காரன் இருக்கான்ல, அவன்தான் பொறாமையில செஞ்சிருப்பான்னு நேரா போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வந்தேன்.

– அடிப்பாவி. அவன் என்ன சொன்னான்?

– 'லிங்க்னா என்னம்மா'ங்கிறான். என்னா நடிப்பு.

– ஏன்டி, அந்த எண்ணெய் சைட்டுல நம்ம கடையப் பத்தி எப்படி எழுதியிருந்துச்சு?

– கீழ கமெண்டுல. 'சாவி தொலைந்தால் கவலை வேண்டாம், வணக்கம்'னு. வணக்கத்தைப் போய் எவனாவது கடைசியில போடுவானா?

– மரியாதையா முடிக்கணும்ல.

– அம்மா.

– நீதானே சொன்ன, நாலு எடத்துல நம்ம லிங்க் இருந்தாதான் மேல வருவோம்னு. நீ வேலைக்குக் கெளம்பினதும் போன்ல எது தெறந்தாலும், கீழ எழுதுறதுக்குப் பெட்டி இருந்தா போட்டுடுவேன். வழுக்கைத் தலைக்காரனுக்கும் வீடு இருக்கும், பூட்டு இருக்கும்ல?

– அப்போ நான் பஸ் ஸ்டாண்டுல அத்தனை பேர் முன்னாடி கத்தினது?

– அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். அதை விடு, நீ எல்லாத்தையுமா வேண்டாம்னு எழுதின?

– எல்லாத்தையும். 'வணக்கம்'னு முடியுற கமெண்டு எங்கெல்லாம் இருந்துச்சோ, அந்த சைட்டு மொத்தத்தையும். எந்த சைட்டுன்னுகூட பார்க்கல. ஆத்திரம்.

– உன் காலேஜ் சைட்டையுமா?

– காலேஜ்லயுமா போய் சாவி வித்த?

– சாவி விக்கலடி. நீங்கல்லாம் பட்டம் வாங்கின போட்டோவைப் போட்டிருந்தாங்க. அதுக்குக் கீழ, 'மூணாவது வரிசையில சிரிக்காம நிக்கிறது என் பொண்ணு, வணக்கம்'னு மட்டும்தான் எழுதினேன். கடை லிங்க் பழக்கதோஷத்துல ஒட்டிக்கிச்சு.

– ஐயோ. நமக்குன்னு இருந்த ஒரே நல்ல லிங்க் அதுதாம்மா.

– அப்போ உன்னையே நீ, எங்களோடது இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டியா?