கைப்பிடி இல்லாத படி

ஒரு வீட்டைப் படம் எடுக்கப் போனால் முதலில் வாளிகளைத் தேடிப் பிடித்து ஒளித்து வைக்க வேண்டும். எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் ஏதாவது ஒரு மூலையில் சிவப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்று பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். அடுத்து துடைப்பம், செருப்பு, மாத்திரை டப்பா, காலண்டர். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் இணையத்தில் நடத்தும் வகுப்பில் முதல் பாடமே இதுதான். உங்களுக்கு இது சம்பந்தமில்லாத பேச்சாகத் தோன்றலாம். இது புரியாமல் மற்றது புரியாது, சார்.

நான் ஆர்க்கிடெக்ட். உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் இன்ஜினியர் என்று எழுதியிருக்கிறார், திருத்தச் சொல்லுங்கள். இந்த அறையைப் பார்த்தாலே உங்களுக்கு வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை என்பது விளங்குகிறது. ஜன்னலை மறைத்து அலமாரி வைத்துவிட்டுப் பட்டப்பகலில் டியூப்லைட் போட்டிருக்கிறீர்கள்.

எங்கள் தொழிலில் இப்போது வேலை வருவதே இணையப் பக்கத்தைப் பார்த்துத்தான். கட்டி முடித்த வீட்டுக்குள் யாரும் வந்து பார்ப்பதில்லை. ஃபோனைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிற ஏதோ ஒரு சோம்பேறி நம் படத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நல்ல சாய்ந்த வெயில் வேண்டும், இரண்டு வரியில் ஒரு குறிப்பு வேண்டும். கூடவே படத்தில் ஓர் ஆள் வேண்டும். கூரையின் உயரம் அப்போதுதான் தெரியும். ஆனால் முகம் தெரியக் கூடாது. முகம் தெரிந்தால் பார்க்கிறவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டு அந்த ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பல் டாக்டர் வீட்டு மாடிப்படி என் வாழ்நாள் வேலை. ஒவ்வொரு படியும் சுவரிலிருந்து தனியாக நீட்டிக்கொண்டு, கீழே எந்தத் தாங்கலும் இல்லாமல், அந்தரத்தில் நிற்பது போல இருக்கும். கைப்பிடி கிடையாது. டாக்டருக்கு அது புரிந்தது என்றுதான் நினைத்தேன். குடிவந்த கையோடு பளபளவென்று ஒரு ஸ்டீல் குழாயை வாங்கிப் படியோரம் முழுக்க மாட்டிவிட்டார். ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் இருக்குமே, அதே குழாய்.

எல்லாம் அவருடைய அப்பாவுக்காக. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது, வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். அவருக்குக் கீழேயே ஓர் அறை வேண்டும் என்று கேட்டார்கள். கூடத்தின் நீளம் கெட்டுவிடும் என்று நான்தான் மாடிக்குத் தள்ளினேன். வீட்டை ஒப்படைத்த அன்று அவர் சுவரையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "வீடு நல்லாத்தான் இருக்கு, இன்ஜினியர் தம்பி. பிடிச்சுக்கத்தான் ஒண்ணுமில்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆயுசு முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் என் படிக்குக் குறை சொல்கிறார்.

பிறகு, பெரிய கட்டடக்கலை இணையதளம் ஒன்று அந்தப் படியை முகப்பில் போடுவதாக எழுதியது. குழாயைக் கம்ப்யூட்டரில் அழித்திருக்கலாமே என்று உங்கள் உதவியாளர் கேட்டார். அழித்தால் சுவரில் விழும் நிழல் பொய்யாகிவிடும். நான் பொய்ப் படம் போடுகிறவன் இல்லை.

நான் போனபோது டாக்டர் கிளினிக்குக்குப் போய்விட்டார். அவர் மனைவி பள்ளிக்கூடத்து டீச்சர், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். குழாயைக் கழற்றப் போகிறேன் என்றதும் தயங்கினார்.

"மாமா அதைத் தடவிக்கிட்டேதான் சார் இறங்குவாரு. எடுத்து முடிச்சதும் மாட்டிடுவீங்கல்ல?"

"கண்டிப்பா மாட்டிடுவேன்மா."

"தூங்கிட்டிருக்காரு. எழுந்தா அவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்."

திருகாணிகளைக் கழற்றிக் குழாயைத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். படி அதன் உண்மையான உருவத்துக்கு வந்துவிட்டது. ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து உள்ளே வரக் காத்திருந்தேன். வழக்கமாகப் படத்துக்காக நடந்து காட்டுகிற பெண் அன்று வரவில்லை, காய்ச்சலாம். வெறும் படியை எடுத்துப் பார்த்தேன். உப்புச்சப்பில்லாமல் இருந்தது.

வெயில் வந்து சேர்ந்த நேரத்தில் மேலே கதவு திறந்தது. பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தேய்த்த சட்டை, ஒரு கசங்கல் இல்லை. அந்தச் சுவருக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் கிடையாது. படியின் விளிம்புக்கு வந்து நின்று, வலது கையை நீட்டிக் குழாயைத் தேடினார். இல்லாத குழாயை அந்தக் கை மெதுவாகத் தடவியது. முதல் படத்தை அப்போதுதான் எடுத்தேன்.

அவர் கீழே வந்த விதத்தை நான் விவரிக்கத் தேவையில்லை, டாக்டர்களின் அறிக்கை உங்களிடம் இருக்கிறது. நான் படியின் அடிக்குப் போனேன். ஒரு செருப்பு மூன்றாவது படியிலேயே கிடந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வெறும் படியை இன்னொரு முறை எடுத்தேன். வெயில் போய்க்கொண்டிருந்தது, பாருங்கள். அதற்குப் பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பிறகு, சொன்ன சொல் தவறாமல், குழாயை மாட்டினேன். ஒரு திருகாணிகூட விடவில்லை. அதனால்தான் நீங்கள் முதலில் தலை சுற்றி விழுந்திருப்பார் என்று எழுதிக்கொண்டு போனீர்கள். பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துவிட்டார்.

படத்தை இணையத்தில் போட்டேன். இதுவரை நான் போட்ட எதற்கும் அப்படி ஒரு வரவேற்பு இல்லை. அந்தக் கையில் கவிதை இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். டீச்சரம்மாவுக்கு மட்டும் அந்தச் சட்டை யாருடையது என்று தெரிந்துவிட்டது. அன்று காலையில் அவர்தான் தேய்த்து வைத்துவிட்டுப் போனாராம்.

விழுவார் என்று தெரியுமா என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். தெரியும். முதல் படத்தின் க்ளிக் சத்தம் கேட்டு அவர் நின்றார். "யாரு, இன்ஜினியர் தம்பியா? கம்பியைக் காணோமே?" என்றார். ஒரு வார்த்தை போதும், நின்றிருப்பார். ஆனால் பதில் சொன்னால் என் பக்கம் திரும்புவார். வாயை மூடிக்கொண்டு நின்றேன். யாரும் இல்லையென்று நினைத்து அவர் காலை எடுத்து வைத்தார். இரண்டாவது படம் அது. நான் போட்டது அதைத்தான்.

டாக்டரிடம் ஒன்று சொல்லுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கட்டும். அவருடைய அப்பாவின் முகம் எங்கேயும் தெரியவில்லை. அந்தக் குடும்பத்தின் மரியாதையை நான் காப்பாற்றியிருக்கிறேன்.